ஈஆர்4எஸ்ஆரில் பேஸ் (கனத்த கீழ் ஒலி) குறைவாகக் கேட்கிறது, இயர்போனா காதா?

கேள்வி: எடிமோடிக் ஈஆர்4எஸ்ஆர் இயர்போன் வாங்கி இரண்டு வாரம் ஆகிறது, பழைய மூன்ட்ராப் சூ இயர்போனோடு மாற்றி மாற்றிக் கேட்கிறேன், வயலினில் வில் உரசுவது வரை அவ்வளவு தெளிவு, ஆனால் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) நாதம் மட்டும் மெலிந்துபோகிறது. இதில் இருக்கும் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகை டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) என்றாலே இப்படித்தானா?

பதில்: டிரைவரைக் குறை சொல்லும் முன் காது சரியாக அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குள் போகும் அந்த மூன்றடுக்கு முனை ஆழமாகப் போக வேண்டும், லேசாக ஈரப்படுத்தி, காது மடலை மேலே பின்பக்கமாக இழுத்துப் பிடித்துச் செருகுங்கள். சின்ன இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடுவது பேஸ்தான். பேசும்போது உங்கள் குரல் தலைக்குள் முழங்கினால் அடைப்பு சரி.

பதில்: அப்புறம், ஒலியளவைச் சமன் செய்யாமல் ஒப்பிடாதீர்கள். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் நல்லது என்று தோன்றிவிடும், ஒரே வால்யூமில் வைத்தாலும் இரண்டும் ஒரே சத்தம் தராது. இன்னொன்று, எஸ்ஆர் வேண்டுமென்றே தட்டையாக, அதாவது பேஸைத் தூக்கிக் காட்டாமல், செய்யப்பட்டது. 2016-இல் அதோடு வந்த ஈஆர்4எக்ஸ்ஆர் என்ற இன்னொரு மாடலில்தான் பேஸைக் கொஞ்சம் ஏற்றினார்கள். என் கருத்தில் கச்சேரிக்கு எஸ்ஆரே போதும்.

கேள்வி கேட்டவர்: சின்ன முனைக்கு மாற்றி ஆழமாகச் செருகினேன், தொப்பி கேட்கிறது! சூ அளவுக்கு இல்லை, ஆனால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறது. மிக்க நன்றி.