புதுப்பிப்பு: விற்பனைக்கு வைத்த கிப்சன் ஈபி-2 பேஸ் கிட்டார், விட்டுவிட்டு வந்த சத்தம் சரியானது

என் பேஸ் கிட்டார் 1965இல் செய்த ஈபி-2 என்று சொல்லி, அதில் சத்தம் ஏன் விட்டுவிட்டு வருகிறது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி.

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) பழுதாகிவிட்டது என்ற என் சந்தேகம் தவறு. ஜாக்கை, அதாவது கேபிள் பிளக்கைச் செருகும் இடத்தை, பார்க்கச் சொன்னவர் சொன்னதே சரி: உள்ளே பிளக்கைத் தொடும் உலோக நாக்கு தளர்ந்து களிம்பேறியிருந்தது. கான்டாக்ட் கிளீனர் மட்டும் அடித்தபோது இரண்டு நாள்தான் தாங்கியது. நாக்கைக் கொஞ்சம் உள்பக்கம் வளைத்த பிறகே பிளக் இறுக்கமாக உட்கார்ந்தது. புது ஜாக் போடவில்லை. பழைய சால்டரை (ஒயர்களைப் பற்றவைத்த ஈயம்) தொட்டால் விலை இறங்கும்.

இது போன்ற செமி-ஹாலோ (உடலின் உள்ளே ஓரளவு வெற்றிடமான) கிட்டாரில் பின்மூடி கிடையாது, பாகங்களை எடுப்பதும் மாட்டுவதும் முன்பக்கத்து எஃப் வடிவத் துளை வழியேதான். நட்டைக் கழற்றும் முன்பே ஜாக்கிலும் பாட் (சத்தம், டோன் கூட்டிக் குறைக்கும் திருகு) தண்டுகளிலும் தனித்தனி நிறத்தில் நூல் கட்டிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்த நூலை இழுத்தால் அதனதன் ஓட்டைக்குத் தானே வந்துவிடும். தண்டில் நூல் நழுவினால் மீன்தொட்டிக் காற்றுக்குழாயை இறுக்கமாகச் செருகலாம். நூல் இல்லாமல் முயன்றால் அரை நாள் போய்விடும்.

எதிர்பாராதது, பாட் முதுகில் இருந்த 1376642 என்ற எண். 137 என்றால் பாட்டைத் தயாரித்த சிடிஎஸ் நிறுவனம், 66 ஆண்டு, 42 வாரம். சால்டர் கலையாததால் பாட் பின்னால் மாற்றியதல்ல, எனவே இந்த பேஸ் 1965 ஆக இருக்க முடியாது. 1966 கடைசி அல்லது அதற்குப் பின். விளம்பரத்தில் திருத்திவிட்டேன், விலையையும்.