சிசேரியன் நேரம் தாய்க்குப் பாட்டுப் போடுறது: தியேட்டரில எப்பிடி ஒழுங்கு பண்ணலாம்?

தும்பைப்பூ:
வணக்கம். யாழ்ப்பாணத்தில ஒரு வைத்தியசாலைச் சத்திரசிகிச்சைத் தியேட்டரில தாதியாக வேலை. முதுகில ஊசி போட்டு, முன்கூட்டியே திகதி குறிச்சுச் செய்யிற சிசேரியன்களுக்குத் தாய்மார் விரும்புற பாட்டைப் போடலாமெண்டு எங்கட நிபுணர்கள் சம்மதிச்சிருக்கினம். ஊசி போட்டதில இருந்து தையல் முடியுமட்டும் ஒரு மணித்தியாலம் வரும். தாய் முழிச்சபடிதான் கிடப்பா. திரைக்கு அங்கால சக்சன் உறிஞ்சுற சத்தம், ஆயுதங்கள் தட்டில விழுற சத்தம் எல்லாம் அவவுக்குக் கேட்கும். பயம் கூடுறது அதாலதான்.

ஹெட்போன் நல்லதோ, ஸ்பீக்கரோ? எவ்வளவு சத்தம் வைக்கலாம்? எந்தெந்த நேரம் நிப்பாட்ட வேணும்? எந்தப் பாட்டுகளைத் தவிர்க்க வேணும்?

வேப்பங்காற்று:
மயக்கமருந்துப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சின்ன ஸ்பீக்கர், தாயின் தலைமாட்டில். இரண்டு காதையும் மூடுகிற ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

காதை மூடினால் நாங்கள் கேட்பது அவருக்குக் கேட்காது, பதிலும் வராது. எங்களுக்கு வேண்டியது அவருடைய குரல். முதுகில் போடும் விறைப்பு மருந்தான 0.5 வீத புபிவக்கெயின் 2 மில்லிலீற்றர் அளவில் போனதும் விறைப்பு முலைக்காம்பு மட்டம் வரை ஏறவேண்டும். அதைத் தாண்டி ஏறினால் விரல்கள் விறைக்கும், கைப்பிடி தளரும், குரல் கிசுகிசுப்பாகும். இரத்த அழுத்தம் விழும்போது பல தாய்மார் முதலில் சொல்வது 'சத்தி வருமாப்போல கிடக்கு' என்பதுதான். மொனிட்டர் அடுத்த தடவை அழுத்தம் பார்ப்பதற்கு முன்பே அந்த வார்த்தை வந்துவிடும். அது காதில் விழாத அளவுக்குப் பாட்டு இருந்தால் பாட்டு ஆபத்து.

இரண்டாவது, ஒக்சிசன் அளவு பார்க்கும் கருவியின் 'டிக் டிக்'. அளவு இறங்க இறங்க அதன் சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலே காதால் பிடித்துவிடலாம். பாட்டு எப்போதும் அதற்குக் கீழேதான் நிற்கவேண்டும். 50 டெசிபல் அளவு போதும். கைத்தொலைபேசிச் செயலி காட்டும் அளவை முழுதாக நம்பாதீர்கள். பாட்டை ஓடவிட்டு, தலைமாட்டில் ஒருவர் மெல்லிய குரலில் இலக்கங்களைச் சொல்லட்டும். மேசையின் கால்பக்கம் நிற்பவருக்கு அவை பிசகாமல் கேட்டால் சரி.

நிறுத்தவேண்டிய நேரங்கள்: முதுகை வளைத்து ஊசி போடும்போது, ஏனென்றால் 'அசையாதேங்கோ' என்பது அவருக்குத் தெளிவாகக் கேட்கவேண்டும். குளிர் வைத்து விறைப்புப் பார்க்கும்போது. வெட்டுக்கு முன் பெயர், சத்திரசிகிச்சை எல்லாம் உரத்துச் சரிபார்க்கும்போது. கருப்பையைத் திறக்கும்போது நிறுத்தி, பிள்ளை அழுது, தாய் அந்த அழுகையைக் கேட்டு முடியும் வரை விடுங்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் வேறெந்தச் சத்தமும் வேண்டாம். பிறகு, உள்ளே எதுவும் தங்கவில்லையென்று பார்க்கத் துணி, ஊசி எண்ணும் ஒவ்வொரு தடவையும்.

பலரும் பிள்ளை வரும் வரைக்கும்தான் பாட்டு என்று நினைக்கிறார்கள். வெட்டிய 5 முதல் 10 நிமிடத்துக்குள் பிள்ளை வந்துவிடும். அதன் பிறகு தைக்கவே அரை மணிக்கு மேல் போகும். இழுவையும் அமத்தலும் ஓங்காளமும் நடுக்கமும் அப்போதுதான் வரும். பாட்டின் பயன் கூட இருப்பது அந்த நேரத்தில்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். 'நோகுது' என்று தாய் சொன்னால் பாட்டைக் கூட்டாதீர்கள். நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். நோவுக்கு மருந்துதான். நடந்த ஆய்வுகளைத் தேடிச் சேர்த்துப் பார்க்கும் கொக்ரேன் மீளாய்வு 2009இல் வந்தது, அதற்குக் கிடைத்தது 76 தாய்மார் பங்குகொண்ட ஒரேயொரு ஆய்வு. அதில் நாடித்துடிப்புக் கொஞ்சம் குறைந்தது, பிரசவம் பற்றிய திருப்தி கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். பெரிய வாக்குறுதி எதையும் தாய்மாருக்குக் கொடுக்கவேண்டாம்.

வடலி:
சாமான் பக்கம் நான் சொல்லுறன். முகப்பில துணிவலை போட்ட ஸ்பீக்கர் வாங்காதேங்கோ, துடைக்கேலாது. வெளிப்பக்கம் முழுக்க றப்பரோ பிளாஸ்ரிக்கோ உள்ளதாப் பாத்து எடுங்கோ. ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் 70 வீத அற்ககோலால துடைச்சுக் காயவிடுங்கோ.

மெமரி காட் போடுற ஸ்பீக்கர் எண்டால் போனே தேவையில்லை. போனில இருந்துதான் எண்டால் பாட்டுகளை முதலே இறக்கி வையுங்கோ. யூடியூப்பில விட்டால் தையல் போடேக்க நடுவில விளம்பரம் கத்தும். விமானப் பயன்முறையில போட்டு, பிறகு புளூடூத்தை மட்டும் திறவுங்கோ. அலாரத்தையும் நிப்பாட்டுங்கோ.

கனபேர் மறக்கிற ஒண்டு: சில ஸ்பீக்கர்கள் போடேக்கயும் பற்றறி இறங்கேக்கயும் ஒரு பெண்குரலில உரத்துக் கதைக்கும். தாய் உள்ளுக்க வாறதுக்கு முதலே போட்டு வையுங்கோ, பற்றறியும் நிறைஞ்சிருக்கட்டும். தியேட்டருக்குள்ள சார்ஜரில கொழுவி ஓடவிடாதேங்கோ. சுட்டு வெட்டுற டயதெர்மி ஓடுற இடத்தில தாய்க்குக் கிட்டக் கண்ட மின்சாமானும் வயரோட நிக்கக்கூடாது. மயக்கமருந்து மெசினுக்கு மேலயும் வேண்டாம், சேலைன் கம்பியில தொங்கவிடவும் வேண்டாம், தலையில விழும். தலைமாட்டில பதிவான மேசை காணும்.

பழைய தேவார ஒலிப்பதிவு மெல்லிசாக் கேட்கும், அடுத்ததா வாற சினிமாப் பாட்டு குபீரெண்டு ஏறும். எம்பி3கெயின் மாதிரி ஒரு மென்பொருளில எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்திட்டு ஏத்துங்கோ. ஒண்டரை மணித்தியாலத்துக்குக் காணக்கூடியதா இருக்கட்டும்.

நந்தியாவட்டை:
பாட்டைத் தெரிவு செய்யிறது தாய்தான், தங்கச்சி. முதல்நாள் வாட்டிலயே கேளுங்கோ. நெத்தியில விபூதியைக் கண்டவுடன தேவாரம் எண்டு நாங்களே முடிவெடுக்கிறது பிழை. கிறிஸ்தவ வேதப்பாட்டு, இஸ்லாமியப் பாட்டு, சினிமா, வெறும் புல்லாங்குழல், ஒண்டும் வேண்டாம் எண்டுறதும் ஒரு பதில்தான். எழுதி வைச்சு, தியேட்டருக்கு அனுப்பேக்க கட்டில்தலை அட்டையோட குத்திவிடுங்கோ.

தெரிவு செய்யேக்க, நிமிசத்துக்கு 60 முதல் 80 தட்டுக்குள்ள நிக்கிற தாளம் நல்லது. தவில் தனி வேண்டாம். நாதஸ்வரம் எங்கட மண்ணின்ர வாத்தியம்தான், ஆனா அந்தச் சின்ன அறைக்குள்ள அதைக் குறைச்சு வைச்சாலும் மேலெழும்பும். நீலாம்பரி ராகத்தில வீணையோ குழலோ வடிவா ஒத்துப்போகும். பக்திப் பாட்டுகளுக்க கோயில்மணி கிணுகிணுக்கிறதைக் கவனியுங்கோ. மொனிட்டர் அலாரமெண்டு எல்லாரும் திரும்பிப் பாப்பினம். பாட்டுக்குள்ள பிள்ளை அழுற சத்தம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கோ. தன்ர பிள்ளை பிறந்திட்டுதெண்டு தாய் எழும்பப் பாப்பா. வெடிச்சத்தம், ஹெலிச்சத்தம் சேர்ந்த பாட்டும் வேண்டாம், எங்கட ஊரில அதுக்கு விளக்கம் தேவையில்லை.

முந்திப் பிள்ளை தவறின தாய்க்குத் தாலாட்டு, அவவே கேட்டால் ஒழிய, போடவே கூடாது. ஏதாவது ஒரு பாட்டுக்கு அவவின்ர கண் கலங்கினால் பேசாமல் அடுத்ததுக்கு மாத்தாதேங்கோ. 'நிப்பாட்டவோ அக்கா?' எண்டு கேளுங்கோ. சிலபேர் 'விடுங்கோ, ஓடட்டும்' எண்டுவினம்.

தும்பைப்பூ:
ஆகலும் நன்றி. அவசரச் சிசேரியனுக்கு? பாட்டை நிப்பாட்டுறது ஆர்?

வேப்பங்காற்று:
பிள்ளையின் துடிப்பு விழுந்து ஓடிவரும் சிசேரியனுக்குப் பாட்டு இல்லை. முழு மயக்கத்துக்கும் இல்லை. நேரமிருக்கும் அவசரம் என்றால், தாய் கேட்டால், போடலாம். நிறுத்துவதற்கு ஒரே ஆள், தலைமாட்டில் நிற்கும் மயக்கமருந்து வைத்தியரோ அவருக்கு உதவும் தாதியோ. அன்றைய பட்டியல் தொடங்க முன்பே யாரென்று பெயர் சொல்லி வையுங்கள். கை கழுவி உடுப்பு மாட்டியவர் யாரும் அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது. இரத்தப்போக்குக் கூடினால் யாரும் சொல்லும் வரை காத்திராமல் அவர் நிறுத்தவேண்டும். நிறுத்திவிட்டு, தாயிடம் குனிந்து, என்ன நடக்கிறதென்று இரண்டு வசனத்தில் சொல்லவேண்டும். பாட்டு திடீரென்று நின்றால் அவர் பயப்படுவார்.