நாயகன் உதைத்தால் வில்லன் ஏன் பறக்கிறான்? பௌதிகவியல் வகுப்பில் சினிமாக் காட்சிகள்

கேள்வி: ஆசிரியை, துணுக்காய்

வணக்கம். உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். நியூற்றனின் மூன்றாம் விதியையும் உந்தக் காப்பையும் பாடநூலில் உள்ளபடியே சொல்லிக்கொண்டு போனால் பிள்ளைகள் குறிப்பை எழுதுகிறார்கள், கேள்வி கேட்பதில்லை. நாயகன் உதைத்த உதையில் வில்லன் தகர வேலியையும் தேநீர்க் கடையையும் உடைத்துக்கொண்டு போய் விழும் காட்சியைப் பற்றிப் பேச்செடுத்தாலோ, பின்வாங்கில் இருக்கிற பிள்ளைகூட எழுந்து வந்து நடித்துக் காட்டுகிறது. வகுப்பே சிரிக்கிறது. மறுவாரம் கேட்டால் உதை நினைவிருக்கிறது. உந்தம் நினைவில் இல்லை.

சினிமாவை வைத்து விஞ்ஞானம் சொல்லும் காணொளிகள் பலவற்றைப் பார்த்தேன். பெரும்பாலானவை ‘இப்படி நடக்கவே நடக்காது’ என்று சிரித்துவிட்டு நின்றுவிடுகின்றன. ஏன் நடக்காது, நடப்பதற்கு என்னென்ன வேண்டும் என்பதுதானே பாடம்? எங்கள் பாடசாலையில் ஆய்வுகூட வசதி குறைவு. கைபேசியும் கரும்பலகையும் உண்டு. எந்தக் காட்சியை எடுப்பது, கணக்கை எந்த இடத்தில் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா

தங்கைக்கு வணக்கம். அந்த உதையையே விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாடவேளைக்கு அதுவே காணும். காட்சியை மறுபடி ஓடவிட்டு, சிரிப்பு அடங்கும் முன்னரே ‘வில்லன் எவ்வளவு தூரம் போனான்?’ என்று கேளுங்கள். 5 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து கிடையாகப் புறப்பட்ட ஒருவன் நிலத்தைத் தொட ஏறத்தாழ 0.45 செக்கன் எடுக்கும். அதற்குள் 5 மீற்றரைக் கடக்க வேண்டுமானால் அவனுடைய வேகம் செக்கனுக்கு 11 மீற்றர், அதாவது மணிக்கு 40 கிலோமீற்றர். திணிவு 80 கிலோகிராம் என்றால் உந்தம், அதாவது திணிவை வேகத்தால் பெருக்கினால் வருவது, 880 அலகு.

இங்கே சோக்கைக் கீழே வைத்துவிட்டு, இந்த 880 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நாயகனின் காலிலிருந்து வந்ததென்றால், அதே அளவு உந்தம் எதிர்த்திசையில் நாயகனுக்கும் கிடைத்திருக்க வேண்டும். அவரும் 80 கிலோ என்றால் அவரும் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் பின்பக்கமாகப் பறந்து எதிர்ப்பக்கத்துக் கடையை உடைத்திருக்க வேண்டும். நிலம் அவரைப் பிடித்துக்கொள்ளாதா என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். உராய்வுக் குணகம் 0.8 என்று தாராளமாகக் கொடுத்தாலும் உராய்வு விசை 640 நியூற்றனைத் தாண்டாது. உதை 0.1 செக்கன் நீடித்தது என்று இன்னும் தாராளமாகக் கொடுத்தாலும் உராய்வின் கணத்தாக்கு, அதாவது விசையை நேரத்தால் பெருக்கினால் வருவது, 64 அலகுதான். மிச்சம் 816 அலகைச் சுமந்துகொண்டு நாயகன் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் பின்னால் போயே ஆக வேண்டும். அவரோ நின்ற இடத்திலேயே நின்று கண்ணாடியைச் சரிசெய்கிறார்! இந்த இடத்தில் எழும் சிரிப்பு முதற்சிரிப்பைவிடப் பெரிதாக இருக்கும். அதற்குள் கணக்கும் இருக்கும்.

அடுத்த பாடவேளையில் உண்மையைச் சொல்லுங்கள். சண்டைக் கலைஞரின் உடையினுள்ளே கட்டிய கம்பிக் கயிற்றை, கமெராவின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நிற்பவர்கள் இழுக்கிறார்கள்; பின்னர் அந்தக் கயிறு கணினியில் அழிக்கப்படுகிறது. தொகுதியின்மீது புறவிசை தொழிற்படாத வரைதான் உந்தம் காக்கப்படும் என்ற நிபந்தனையைப் பிள்ளைகள் விதியோடு சேர்த்து எழுதுவார்கள். ஏன் எழுதுகிறோம் என்பது அந்தக் கயிற்றைப் பார்த்த பிறகுதான் விளங்கும்.

பதில் 2: ஒளிப்படக் கலைஞர், கிளிநொச்சி

ரீச்சர், நான் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துத் தொகுப்பவன். ஸ்லோமோஷனை மறக்க வேண்டாம்; அதில் கணக்கு நிறைய உண்டு.

திரைப்படம் வழமையாக ஒரு செக்கனுக்கு 24 பிரேம் வீதம் ஓடுகிறது. ஒரு காட்சியை 120 பிரேம் வீதம் எடுத்து 24 வீதம் ஓடவிட்டால் நேரம் ஐந்து மடங்கு நீளும். நாயகன் 5 மீற்றர் உயரத்திலிருந்து குதிக்கிறார் என்று கொள்ளுங்கள். உண்மையில் ஒரு செக்கனில் நிலத்துக்கு வந்துவிடுவார். திரையில் ஐந்து செக்கன் மிதப்பார். திரையில் தெரியும் நேரத்தை அப்படியே சமன்பாட்டில் போட்டால் புவியீர்ப்பு ஆர்முடுகல் 0.4 என்று வரும். சந்திரனில்கூட அது 1.6. நேரம் ஐந்து மடங்கானால் ஆர்முடுகல் ஏன் இருபத்தைந்தில் ஒரு பங்காகிறது என்று கேட்டால், நேரத்தின் வர்க்கம் என்பது பிள்ளைகளுக்கு மறக்காது.

ஆய்வுகூடம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பல கைபேசிகளில் 240 பிரேம் வீதம் எடுக்கும் வசதி உண்டு. 1.25 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு பந்தை விழவிட்டு, அதைப் படம் பிடித்து, விட்ட பிரேமிலிருந்து நிலத்தில் பட்ட பிரேம் வரை எண்ணச் சொல்லுங்கள். ஏறத்தாழ 121 வரும். அதிலிருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலின் உண்மைப் பெறுமானமான 9.8ஐப் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம்.

பதில் 3: ஒரு தாய், புதுக்குடியிருப்பு

எழுதிய இருவருக்கும் நன்றி. நான் ஒன்றைப் பணிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். துப்பாக்கிக் குண்டு பட்டவர் பின்னால் பறக்கும் காட்சியையும், வெடிக்கும் வாகனத்தைத் திரும்பிப் பாராமல் நாயகன் நடந்துவரும் காட்சியையும் பலர் இந்தப் பாடத்துக்கு எடுக்கிறார்கள். கணக்கு சுலபம்தான்: 8 கிராம் குண்டு செக்கனுக்கு 350 மீற்றர் வேகத்தில் வந்து 80 கிலோ ஆளின் உடலில் தங்கினால், அவருக்குக் கிடைப்பது செக்கனுக்கு 3.5 சென்ரிமீற்றர் வேகம் மட்டுமே. ஆனால் எங்கள் பக்கத்தில் உடம்பில் சன்னத்தோடு நடமாடும் தகப்பனும் மாமனும் இன்னும் வீடுகளில் இருக்கிறார்கள். இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் போர் முடிந்த 2009இல் கைக்குழந்தைகள். பார்த்த நினைவு அவர்களுக்கு இராது, ஆனால் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். வகுப்பு சிரிக்கும்போது சிரிக்க முடியாமல் ஒரு பிள்ளை இருந்தால், அன்றைய பாடம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. தயவுசெய்து அவ்வகைக் காட்சிகளைத் தவிருங்கள்.

அதற்குப் பதிலாகப் புகையிரதக் காட்சிகளை எடுக்கலாம். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஊதிக்கொண்டு நம்மைக் கடக்கும் புகையிரதத்தின் ஒலியின் சுருதி, வரும்போதும் போகும்போதும் 9க்கு 8 என்ற விகிதத்தில் மாறும். சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்கு அது சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து சட்சத்துக்கு இறங்குவது. திரைப்படத்தில் சுருதி இறங்குகிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். பிறகு மாங்குளத்தில் கடவைக்கு அப்பால் பாதுகாப்பான தூரத்தில் நின்று யாழ்தேவியைக் கேட்கட்டும்.

ஆசிரியை, துணுக்காய்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா, நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். குண்டும் வெடியும் என் வகுப்புக்குள் வராது. உதையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு சந்தேகம்: வில்லன் பறந்த தூரத்தைத் திரையில் எப்படி அளப்பது?

ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா

நீளம் தெரிந்த ஒரு பொருளைக் காட்சிக்குள் தேடுங்கள். ஓட்டோ நின்றால் நல்லது; அதன் நீளம் ஏறத்தாழ 2.6 மீற்றர். படத்தை நிறுத்தி, கைபேசித் திரையில் அடிமட்டத்தை வைத்து ஓட்டோவையும் வில்லன் போன தூரத்தையும் அளந்து விகிதம் எடுங்கள். ஓட்டோ பக்கவாட்டாகத் தெரிய வேண்டும். கமெராவிலிருந்து வில்லன் இருக்கும் அதே தூரத்தில் நிற்கவும் வேண்டும். பின்னால் தள்ளி நின்றால் அது சிறிதாகத் தெரியும். வில்லன் உள்ளதைவிடக் கூடுதலான தூரம் பறந்ததாகக் கணக்கு வரும்.