கிணற்று உப்பு வரைபடம் அம்மைத் தழும்பு போல வருகிறது

கீழ்வேளூர்_நிரலர்:
வணக்கம். கீழ்வேளூரிலிருந்து வேளாங்கண்ணி வரை 58 கிணறுகளில் நீரின் மின்கடத்துதிறனை அளந்திருக்கிறேன்; உப்பு கூடினால் இதுவும் கூடும். மே மாத வெயிலில், ஆற்றில் தண்ணீர் வருமுன், மிதிவண்டியில் அலைந்து எடுத்த அளவுகள். நாற்றங்காலுக்கு எந்தப் பக்கத்து நிலத்தடி நீரை நம்பலாம் என்று என் அப்பா உட்படப் பலர் கேட்கிறார்கள். 100 மீட்டர் கட்டங்களாக ஒரு வரைபடம் தர வேண்டும்.

ஆர் என்ற நிரல்மொழியில், இடம்சார் புள்ளியியலுக்கான ஜிஸ்டாட் தொகுப்பைப் பயன்படுத்துகிறேன். தொலைவு கூடக்கூட எடையைக் குறைக்கும் ஐ.டி.டபிள்யூ. முறையில் தொலைவின் அடுக்குக்குறியை 2 என வைத்தால் கிணற்றுக்குக் கிணறு வட்டம். 4 வைத்தால் பாத்தி கட்டியது போலத் துண்டுகள். 1 வைத்தால் எல்லா ஊரும் ஒரே சாயல். அளந்த புள்ளிகளுக்கு இடைப்பட்ட இடங்களைப் புள்ளியியல்படி கணிக்கும் கிரிகிங் முறையும் உதவவில்லை. தொலைவு கூடும்போது கிணறுகளுக்கிடையே வேறுபாடு எப்படிக் கூடுகிறது என்று காட்டும் வேரியோகிராம் வளைவு தொடக்கத்திலேயே உச்சியில் நிற்கிறது. கட்டமெங்கும் சராசரிதான் வருகிறது.

கடைமடை:
தம்பி, கிணறுகளின் ஆழத்தைக் குறித்திருக்கிறீர்களா? எங்கள் கொல்லையில் 25 அடி வடிமுனைக் குழாயில் (ஃபில்டர் பாயின்ட்) குடிக்கும் தண்ணீர். பத்தடி தள்ளி ஆழ்துளைக் கிணற்றில் வாயில் வைக்க முடியாத உப்பு. இடையில் களிமண் அடுக்கு. இரண்டும் வெவ்வேறு நீர். அவற்றை ஒரே கோப்பில் போட்டால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் முரண்படத்தான் செய்யும். முதலில் பிரியுங்கள்.

உப்பனாறு:
அதோடு, கிணறுகளின் ஆயங்களைப் பாகையில் விடாமல், மீட்டரில் இடம் குறிக்கும் யு.டி.எம். 44 வடக்கு முறைக்கு மாற்றுங்கள். மதிப்புகளுக்கு மடக்கை எடுங்கள்; நான்கைந்து உவர்க் கிணறுகள் மொத்தத்தையும் இழுத்துவிடும். மடக்கையை நேராகத் திருப்பினால் வருவது நடுமதிப்பு, சராசரி அல்ல என்பதை வரைபடத்தில் எழுதிவிடுங்கள். நம் கரை வடக்குத் தெற்காக ஓடுகிறது. உப்பு கரையோடு மெதுவாகவும், உள்நாட்டை நோக்கி விரைவாகவும் மாறும். எனவே வேரியோகிராமில் திசைக்கோணம் 0 (வடக்கு), குறுக்குத் திசை வீச்சுக்கும் கரைத் திசை வீச்சுக்கும் உள்ள விகிதம் 0.4 அளவில் தொடங்கிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கிணறாக மறைத்து, மற்றவற்றால் அதைக் கணித்து ஒப்பிடுங்கள். படம் அழகாக இருப்பதை நான் நம்புவதில்லை, அந்தப் பிழைகளைத்தான் நம்புகிறேன்.

கீழ்வேளூர்_நிரலர்:
ஐயா, குறிப்பேட்டில் ஆழம் இருந்தது, கோப்பில் ஏற்றவில்லை. ஆழமற்றவை 37. அவற்றை மட்டும் எடுத்ததும் வேரியோகிராம் மெல்ல ஏறி மூன்று கிலோமீட்டர் அருகே சமன்படுகிறது. தழும்புகள் மறைந்தன! ஒரே ஒரு கிணறு கணிப்பைவிட மிக உப்பாக இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் இறால் குட்டை. அதை நீக்கிவிடலாமா?

கடைமடை:
நீக்காதீர்கள் தம்பி. அந்த வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரைத்தானே இறைக்கிறார். பரப்பைக் கணிக்கும்போது தள்ளி வையுங்கள், வரைபடத்தில் தனிப் புள்ளியாகக் காட்டுங்கள். பாசன நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2 டெசிசீமென்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். அந்த எல்லைக்கோட்டையும் தடித்து வரையுங்கள்.

கீழ்வேளூர்_நிரலர்:
அப்படியே செய்கிறேன். தென்கிழக்கு மூலையில் கணிப்பின் மாறுபாடு, அதாவது நிச்சயமின்மை, மிக அதிகம்; அங்கே கிணறே அளக்கவில்லை. அந்தக் கட்டங்களுக்கு நிறம் தராமல் விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அளவிடும் கருவியோடு அங்கே போகிறேன்.