ஆர்எச்சிஎஸ்ஏ இரண்டாவது முறையும் போச்சு: குறை என் படிப்பிலா, தேர்வு முறையிலா?

கார்த்திகைமழை:
லினக்ஸ் சர்வர் நிர்வாகிகளுக்கான சான்றிதழ்த் தேர்வான ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏவை இரண்டாவது முறை எழுதினேன். 300க்கு 210 வேண்டும், எனக்கு 168. ஐந்து மாதம் வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் படித்தேன், வீடியோ பாடம் முழுவதையும் இரண்டு தடவை பார்த்து ஒரு நோட்டு நிறைய எழுதினேன், டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் கை ஓடவில்லை. இணையமும் கிடையாது. வேலையில் யார் கூகுள் இல்லாமல் இருக்கிறார்கள்? இது மனப்பாடத் தேர்வுதான்.

பழையசர்வர்:
வருத்தம் புரிகிறது தம்பி, ஆனால் கடைசி வரியை ஒத்துக்கொள்ள மாட்டேன். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி ஒன்றுகூட இதில் இல்லை. மெஷினைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்கிறார்கள், ரீபூட் ஆன பிறகும் செய்தது நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். கட்டளைகளுக்கான கையேடு, அதாவது மேன் பக்கங்கள், மெஷினிலேயே கூடவே இருக்கின்றன. லினக்ஸின் பாதுகாப்பு அமைப்பான எஸ்ஈலினக்ஸில் புதிய போர்ட்டை அனுமதிக்கும் கட்டளை மறந்துவிட்டதா? அதற்கான செமானேஜ் போர்ட் கட்டளையின் மேன் பக்கத்தைத் திறந்து கடைசிக்குப் போனால் எடுத்துக்காட்டே இருக்கும். ஐந்து மாதத்தில் எத்தனை தடவை உங்கள் கையால் மெஷினைக் கெடுத்துச் சரிசெய்தீர்கள்?

நிலாமுற்றம்:
அண்ணா, அவருக்கு மேன் பக்கம் தெரியாது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், டிஸ்க்கின் அடையாளமான யூயுஐடியில் ஒரு எழுத்து தப்பினால் போதும், மெஷின் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். மெஷின் எழவில்லை என்றால் அதில் சரியாகச் செய்த மற்ற வேலையும் வீண்தானே? ஒருவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை அப்படி அளப்பது எந்த ஊர் நியாயம்? அதுவும் பதவி உயர்வுக்கு இந்தச் சான்றிதழைக் கேட்கிற அலுவலகங்கள் இருக்கும்போது.

பழையசர்வர்:
நியாயம்தான் என்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு பேங்க் சர்வர் ரீபூட்டில் எழாமல் போனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தது என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? ரீபூட்டுக்கு முன்னால் எஃப்எஸ்டேப்பில் எழுதியது சரியாக இணைகிறதா என்று மவுன்ட் மைனஸ் ஏ அடித்துப் பார்க்கப் பத்து வினாடி ஆகுமா? அந்தப் பழக்கம் வீடியோ பார்த்தால் வராது, நாலு தடவை மாட்டிக்கொண்டால்தான் வரும்.

கார்த்திகைமழை:
உண்மையைச் சொல்கிறேன் அண்ணா, நான் செய்ததெல்லாம் வீடியோவில் அவர் அடித்ததைக் கூடவே அடித்தது. தனியாக ஒரு தடவையும் இல்லை. பயிற்சியின்போது ஃபயர்வாலில் விதியை நிரந்தரமாக்கும் பெர்மனென்ட் என்ற சொல்லைப் போட மறந்து ரீலோடு செய்ததும் விதி காணாமல் போனது, அப்போது அதைச் சின்ன விஷயம் என்று விட்டேன். லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான், அதில் பயிற்சிக்கு இரண்டு விர்ச்சுவல் மெஷின் ஓடுமா?

பழையசர்வர்:
தாராளமாக ஓடும். ரெட் ஹாட் லினக்ஸைப் போலவே இயங்கும் ஆல்மா அல்லது ராக்கி லினக்ஸை கிராஃபிக்ஸ் இல்லாமல் போடுங்கள், காசும் இல்லை. ரூட் பாஸ்வேர்டைத் தொலைத்துவிட்டு மீட்பதில் ஆரம்பியுங்கள், வீடியோவைத் தொடாதீர்கள்.

கார்த்திகைமழை:
சரி, இன்றிரவே போடுகிறேன். ஆனால் ஒரு எழுத்துப் பிழைக்கு முழு மெஷினுக்கான மதிப்பெண்ணும் போவதில் நிலாமுற்றம் சொன்ன பக்கம்தான் இன்னும் நிற்கிறேன்.