இத்தாவும் 240-ஆம் ஆயத்தும்: உம்மா கேட்ட கேள்வி

கேள்வி

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா மவுத்தாகி இரண்டு மாதம் ஆகிறது. உம்மா இத்தாவில் (கணவனை இழந்த பெண் காத்திருக்கும் காலம்) இருக்கிறார். தினமும் மஃரிபுக்குப் பிறகு குர்ஆனின் இரண்டாவது அத்தியாயமான சூரா பகராவின் தமிழ் அர்த்தத்தை நான் வாசிக்க, அவர் கேட்பார். கணவனை இழந்தவர் 4 மாதம் 10 நாள் காத்திருக்க வேண்டும் என்று 234-ஆம் ஆயத் (வசனம்) சொல்கிறது. 240-இல், மனைவியரை வீட்டைவிட்டு வெளியேற்றாமல் ஒரு வருஷம் பராமரிக்க வஸிய்யத் (மரண சாசனம்) என்று வருகிறது. அடியில் சின்ன எழுத்தில் 'இது மன்ஸூக்' (இதன் சட்டம் மாற்றப்பட்டது) என்று ஒரே வரி. உம்மா தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "மாத்தியாச்சுன்னா ஏன் இன்னும் ஓதுறோம்? அதுவும் புதுசு முன்னாடி, பழசு பின்னாடி?" தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

முஸ்ஹஃபில் (எழுதப்பட்ட குர்ஆன் பிரதியில்) இருக்கும் வரிசை வேறு, இறங்கிய வரிசை வேறு. 234 முன்னால் இருந்தாலும் பின்னால் இறங்கியது என்பதே பெரும்பாலான உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) கருத்து.

பதில் 2

வ அலைக்குமுஸ்ஸலாம். வாப்பாவுக்கு அல்லாஹ் மஃபிரத் (பாவமன்னிப்பு) செய்வானாக. மதரஸாவில் ஓதிய காலத்தில் என்னையும் இந்த இடம் நிறுத்தியது.

உங்கள் உம்மா கேட்டதை நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி), குர்ஆனைப் பிரதியெடுக்கச் செய்த கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடமே கேட்டிருக்கிறார். இன்னொரு ஆயத் இதை மாற்றிவிட்டதே, ஏன் எழுதுகிறீர்கள் என்று. "என் சகோதரர் மகனே, இதில் எதையும் அதன் இடத்திலிருந்து நான் மாற்ற மாட்டேன்" என்றார் உஸ்மான். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. சட்டம் மாறினாலும் ஆயத் அல்லாஹ்வின் வார்த்தைதான். அதைத் தொட கலீஃபாவுக்கும் உரிமை இல்லை. ஓதினால் நன்மையும் உண்டு.

ஒரு வருஷச் செலவு என்ன ஆனது? அதற்குப் பதிலாக வாரிசுப் பங்கு வந்தது என்கிறார் நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி). பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று.

ஆனால் அவருடைய மாணவர் முஜாஹித் வேறு மாதிரி சொன்னார். அதுவும் புகாரியிலேயே இருக்கிறது. 4 மாதம் 10 நாள் கட்டாயம். வருஷத்தின் மீதி 7 மாதம் 20 இரவு வஸிய்யத். அவள் விரும்பினால் அந்த வீட்டில் இருக்கலாம், விரும்பினால் போகலாம். அப்படிப் பார்த்தால் இரண்டு ஆயத்தும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. எப்படிப் பார்த்தாலும் இத்தா 4 மாதம் 10 நாள்தான், உம்மா குழம்ப வேண்டாம்.

அப்புறம், 'மன்ஸூக்' என்று பார்த்ததும் பயப்படாதீர்கள். ஒரு பொதுச் சட்டத்துக்கு விதிவிலக்கு வந்தாலும் முன்னோர் அதை நஸ்க் (சட்டம் மாற்றப்படுதல்) என்றே சொன்னார்கள். ஷாதிபி என்ற அறிஞர் இதை விளக்கியிருக்கிறார். அதனால்தான் பழைய கிதாபுகளில் மன்ஸூக் ஆயத்துகளின் பட்டியல் அவ்வளவு நீளம். பிற்கால அறிஞர் சுயூத்தி அதைச் சலித்துச் சலித்து இருபது சொச்சத்துக்குக் கொண்டுவந்தார். 1762-இல் மறைந்த டெல்லி அறிஞர் ஷாஹ் வலியுல்லாஹ் திஹ்லவி 5-தான் என்றார். அந்த ஐந்தில் இந்த 240-ம் ஒன்று.

பதில் 3

குர்ஆனில் நஸ்கே இல்லை என்ற அறிஞர் அபூ முஸ்லிம் அல்இஸ்ஃபஹானியையும் (மறைவு ஹிஜ்ரி 322) சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆயத்துக்கு அவர் சொன்ன விளக்கத்தை இமாம் ராஸி தம் தஃப்ஸீரில் (குர்ஆன் விரிவுரையில்) எடுத்து எழுதியிருக்கிறார்.

கேட்டவர்

ஜஸாக்கல்லாஹ் கைர். நேற்று எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். உஸ்மான் (ரலி) சொன்னதை உம்மா இரண்டு தடவை கேட்டார். பிறகு 240-ஐ அரபியில் மெதுவாக ஓதச் சொல்லி, கூடவே ஓதினார். இன்று ஆயத்துல் குர்ஸிக்கு வந்துவிட்டோம்.