4294967297-இன் காரணிகள்: ஒரு படியில் உதவி தேவை

வணக்கம். 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் கிடைக்கும் 4294967297 என்ற எண்ணைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு விளக்குவதற்காகக் குறிப்பு எழுதி வருகிறேன். இதைப் பகா எண் என்றே கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் மற்றொரு கணிதவியலாளரான ஆய்லர் இதனை 641 × 6700417 எனப் பிரித்துக் காட்டினார். 641 என்பது 5 × 128 + 1 ஆகவும் 625 + 16 ஆகவும் ஒருங்கே அமைவதால், வகுத்துப் பார்க்காமலேயே அது காரணி என்று நிறுவ முடிகிறது. அதைத் தாளில் எழுதிப் பார்த்த இரவில் எனக்கு உறக்கமே வரவில்லை.

இவ்வெண்ணின் பகாக் காரணி எதனால் வகுத்தாலும், 2-இன் அடுக்குகளுள் 64-ஆவதுதான் முதன்முதலாக மீதி 1 தருகிறது. ஆகவே, ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி (பகா எண் p-ஆல் வகுபடாத எந்த எண்ணின் p − 1-ஆம் அடுக்கும் p-ஆல் வகுக்க மீதி 1 தரும்), அந்தக் காரணியில் 1 குறைத்தால் வருவது 64-இன் மடங்காகிறது. அவ்வாறான பகா எண்களை மட்டும் தேடினால் 193, 257, 449, 577 ஆகியவற்றைத் தாண்டி ஐந்தாவது முயற்சியில் 641 கிடைக்கிறது. இதுவரை எனக்குத் தெளிவாகவே இருக்கிறது.

ஆனால் 1878-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகா (Lucas), 64-இன் இடத்தில் 128-ஐயே வைக்கலாம் என்று நிறுவினார். அப்படியானால் 257-க்கு அடுத்தே 641 வந்துவிடுகிறது. அந்த 128 எவ்வாறு வருகிறது என்பதே என் கேள்வி. நான் பார்த்த விளக்கங்கள் இருபடி எச்சங்களைப் (வர்க்க எண்களை வகுக்கும்போது வரும் மீதிகளை) பற்றிய பொதுத் தேற்றத்தைப் பயன்படுத்துகின்றன. என் மாணவர்கள் அதைப் படித்ததில்லை. தன் வர்க்கத்தை அந்தக் காரணியால் வகுக்கும்போது மீதி 2 தரும் ஓர் எண்ணை 2-இன் அடுக்குகளைக் கொண்டே நேரடியாக அமைத்துக் காட்ட இயலுமா? அறிந்தவர்கள் படிகளை விடாமல் எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.